கதவுத் தூணில் ஒரு சின்னக் குமிழ்

தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களில் பழைய கார்களின் மின்வேலை பார்க்கும் பட்டறையாருக்கும், அந்தக் கார்களை இன்னும் வீட்டில் வைத்துப் பேணிவரும் உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

பழைய கார் ஒன்றின் கதவைத் திறந்தவுடன் உள்விளக்கு தானாக எரிவதும், கதவைச் சாத்தியவுடன் அது தானாக அணைவதும் கதவுத் தூணில் பொருத்தப்பட்டிருக்கும், சுண்டுவிரல் நுனி அளவேயான ஒரு சுவிட்சின் வேலை. அந்த வேலை நின்றுபோகும்போது, பழுது எங்கே என்று தேடாமல், தூணுக்குள்ளிருந்து வரும் ஒயரை வெட்டி டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டு, டாஷ்போர்டின் அடியில் தனியாக ஒரு சுவிட்சைத் தொங்கவிடுவது பழகிப்போன வழியாகிவிட்டது. அந்த வழக்கத்தைக் கைவிடக் கோருவதே இம்மடலின் நோக்கம். கோரிக்கைக்குப் பழமைப் பற்று மட்டும் காரணம் அன்று. இவ்வாறு ஒதுக்கப்படும் சுவிட்சுகளில் பல கெட்டுப்போனவையே அல்ல என்பதும், கோளாறு அவற்றைத் தாங்கி நிற்கும் தகட்டிலோ அவற்றை அழுத்த வேண்டிய கதவிலோ இருக்கிறது என்பதும்தான் முதற்காரணங்கள்.

இங்கே பழைய கார்கள் எனக் குறிக்கப்படுபவை, மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து உருவாகி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதம்வரை தயாரான அம்பாசிடர், ஃபியட் 1100இன் இந்திய வடிவமாக மும்பை குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி, டிரையம்ஃப் ஹெரால்டை ஒட்டிச் சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையும், அவற்றின் காலத்தை ஒட்டிய பிறவும் ஆகும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக விடிகாலையில் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இந்தக் கணக்கில் சேரா. தார்ப்பாய் போர்த்திய அந்த வண்டிகளில் பலவற்றுக்குக் கதவே இல்லாததால் கதவுச் சுவிட்ச் என்ற தொல்லையும் இல்லை. மேலே சொன்ன கார்களுள் பிரிட்டிஷ் வழி வந்தவற்றின் மின்னமைப்பு லூக்காஸ் நிறுவனத்தின் முறையை ஒட்டியது. அந்நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் சென்னையில் லூக்காஸ் டி.வி.எஸ். தொடங்கப்பட்டது, கூட்டின் இந்தியத் தரப்போ, மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் வழிவந்தது. தேனி 1996வரை மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரமாகவே இருந்தது என்பதை நினைத்தால், இந்தப் பள்ளத்தாக்கின் கார்களுக்கும் அந்த மின்சாமான்களுக்கும் இடையில் இருப்பது தூரத்து உறவு அன்று என்பது விளங்கும்.

பட்டறைகளில் ரூம் லைட் என வழங்கும் இந்த விளக்கின் சுற்று, ஹெட்லைட்டின் சுற்றைப் போன்றதன்று. ஹெட்லைட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சுவிட்ச் பாதிவழியிலேயே மறித்து நிறுத்துகிறது. ரூம் லைட்டுக்கோ பேட்டரியின் மின்னோட்டம் ஃபியூஸ் வழியாக எந்நேரமும் பல்புவரை வந்து காத்து நிற்கிறது, சாவி திருப்பப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே அன்று. பல்பின் மறுமுனையிலிருந்து புறப்படும் ஒயர் கூரையோரமாக இறங்கித் தூணுக்குள் நுழைந்து சுவிட்சின் பின்முனையில் முடிகிறது. சுவிட்சின் உடல் காரின் உடலைத் தொட்டு நிற்க, காரின் உடல் ஒரு தடித்த கேபிளால் பேட்டரியின் மற்ற முனையோடு இணைந்திருக்கிறது. இப்படி, மின்னோட்டம் திரும்பிச் செல்லத் தனி ஒயர் போடாமல் காரின் இரும்பு உடலையே திரும்பும் வழியாகப் பயன்படுத்துவதைத்தான் எர்த் என்கிறார்கள். பெயர்தான் எர்த், நான்கு ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் காரில் மண்ணுக்கு எந்த வேலையும் இல்லை. கதவு சாத்தியிருக்கும்போது அது சுவிட்சின் குமிழை உள்ளே அழுத்திப் பிடித்திருக்கிறது, உள்ளேயுள்ள தொடுமுனை சுவிட்சின் உடலை விட்டு விலகி நிற்கிறது. கதவு திறந்ததும் சுருள் ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ள, தொடுமுனை உடலைத் தொட்டு, பல்பைக் கடந்து வந்த மின்னோட்டம் காரின் உடலுக்குள் இறங்க, விளக்கு எரிகிறது. ஃபிரிட்ஜின் கதவோரத்தில் இருப்பதும் இதே குணம் கொண்ட சுவிட்சுதான்: அழுத்தினால் அணையும், விட்டால் எரியும். ஒரே காரில் இரண்டு அல்லது நான்கு சுவிட்சுகள் இருக்குமானால், பாடநூல்கள் பக்க இணைப்பு என்று சொல்லும் முறையில் அவை எல்லாம் ஒரே ஒயரில் சேர்வதால், எந்தக் கதவு திறந்தாலும் விளக்கு எரியும். அதே காரணத்தால், ஏதேனும் ஒரு சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும் எல்லாக் கதவுகளையும் சாத்திய பின்னும் விளக்கு அணையாது.

இந்த அமைப்பில் கவனிக்கத்தக்கது, சுவிட்சைத் தூணில் இறுக்கிப் பிடிக்கும் ஒற்றை ஸ்குருவும், அதன் கழுத்து தகட்டைத் தொடும் மெல்லிய வளையமும் வெறும் தாங்கிகள் அல்ல, அவையே சுற்றின் ஒரு பகுதி என்பதாகும். ஒயருக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு அந்த வளையத்துக்கும் உண்டு. காருக்கு டிங்கரிங் வேலை பார்த்து, புட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் ஏற்றும்போது தூணின் அந்தத் துளையும் சேர்ந்தே மூடிக்கொள்கிறது. பெயிண்ட் மின்னோட்டத்தைக் கடத்தாது. பளபளப்பாகப் பட்டறையை விட்டு வெளியே வந்த காரில் ரூம் லைட் எரியாமல் போவதும், சுவிட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டப்படுவதும், புதிய சுவிட்ச் வாங்கிப் போட்டும் எரியாமல் இருக்கவே கடைசியில் ஒயர் வெட்டப்படுவதும் இந்த வரிசையில்தான் நிகழ்கின்றன. பெயிண்டருக்கு எலக்ட்ரீஷியன் செய்யும் வேலையும், எலக்ட்ரீஷியனுக்குப் பெயிண்டர் செய்த வேலையும் தெரியாமல் இருப்பதன் விளைவு இது.

துருவும் இதையே மெதுவாகச் செய்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் 5 வாட் பல்பு ஏறத்தாழ 0.42 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. எரியும் நிலையில் அதன் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 29 ஓம் அளவில் இருக்கும். ஸ்குருவின் அடியில் படிந்த துரு இதில் 10 ஓம் மட்டுமே கூட்டினாலும் பல்புக்குக் கிடைப்பது 9 வோல்டுக்கும் குறைவு. இழை பல்பின் ஒளி, மின்னழுத்தம் குறையும் வேகத்தைக் காட்டிலும் பல மடங்கு வேகமாகக் குறைவதால், மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய மங்கலான மஞ்சள் வெளிச்சமே. கண்ணுக்குத் தெரியாத அளவு துருவே இதற்குப் போதும். பிரிட்டனின் பழைய கார்ப் பிரியர்கள் லூக்காஸ் நிறுவனத்தை இருளின் இளவரசர் என்று கேலி செய்வது பேர்பெற்றது. அந்தக் கேலியில் நியாயம் பாதிக்கும் கீழே என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் துருப்பிடித்த எர்த் செய்த குற்றங்களில் பலவும் அந்தப் பெயரின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டன.

கம்பம் பள்ளத்தாக்கின் இயல்பும் இந்தச் சுவிட்சுக்குச் சாதகமானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் நடுவே கிடக்கும் இந்நிலத்தில் ஆனி, ஆடி மாதங்களின் காற்று புழுதியோடு வருகிறது; மலையடியில் சாரலும் சேர்ந்துகொள்கிறது. புழுதி, குமிழைச் சுற்றிப் பூசிய பழைய கிரீஸில் ஒட்டிக் குழம்பாகி, காய்ந்தபின் குமிழை அரைத்துளையில் நிறுத்திவிடுகிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஓர் இரவு மேலே மூடுபனியில் நின்றுவிட்டு, குளிர்ந்த உடலோடு கீழே இறங்கும் கார், சமவெளியின் வெப்பமான ஈரக்காற்றைச் சந்திக்கும்போது, குளிர்ந்த செம்பில் நீர் முத்துகள் கோப்பது போலத் தூணின் உட்புறத் தகட்டிலும் ஈரம் கோக்கிறது. அந்த ஈரம் வெளியேறும் வழி குறைவு. வாரம் தவறாமல் மலை ஏறி இறங்கும் ஏலக்காய் வியாபாரியின் அம்பாசிடருக்கும், சமவெளியில் தென்னந்தோப்பு நிழலில் நிற்கும் அம்பாசிடருக்கும் வயது ஒன்றாக இருந்தாலும் சுவிட்சின் ஆயுள் ஒன்றாக இராது.

அடுத்து கதவு. பழைய கார்களின் கதவுகள் கனமானவை. கீலின் ஊசி தேயத் தேயக் கதவின் பூட்டுப்பக்கம் சில மில்லிமீட்டர் தொங்கிவிடுகிறது. ஆடிக்காற்று திறந்த கதவைப் பிடித்து அடிக்கும் அடியில் கீலுக்கும், கதவை அளவோடு நிறுத்தும் பட்டைக்கும் விழும் பளுவும் சிறிதன்று. தொங்கிய கதவு குமிழை நேராக அழுத்தாமல் ஓரமாகத் தட்டுவதால் குமிழ் ஒரு பக்கமாகத் தேய்ந்து குட்டையாகிறது, போதிய அளவு உள்ளே போகாத குமிழால் விளக்கு அணையாமல் எரிகிறது. பகலில் யாருக்கும் தெரியாத இந்த விளக்கு, 60 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட புதிய பேட்டரியைக்கூடக் கணக்குப்படி ஆறு நாளில் வற்றச்செய்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் பெரிய மின்னோட்டத்தைத் தரமுடியாத நிலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படும் காரில் பேட்டரியையும் டைனமோவையும் குற்றம் சொல்வதற்கு முன்பு இந்தக் குமிழை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கதவில் குமிழ் மோதும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டிச் சமாளிப்பதைப் பட்டறையார் அறிவார்கள். அது தவறன்று, எனினும் அரைத் தீர்வே. பூட்டுப்பக்கத்தைக் கையால் மேலே தூக்கிப் பார்த்து ஆட்டம் தெரிந்தால், கீலின் ஊசியை மாற்றிக் கதவை நேராக்குவதே முழுத் தீர்வு.

பழுதைத் தேடுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை; ஒரு பல்பு டெஸ்டரும் தூணிலிருந்து பேட்டரிவரை எட்டும் ஓர் ஒயரும் போதும். முதலில் ஃபியூஸையும், பிறகு விளக்கின் பல்பையும், இரு முனையிலும் உலோகத் தொப்பி கொண்ட அந்தப் பல்பைக் கவ்விப் பிடிக்கும் தகடுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அவை சரியாக இருந்தால் சுவிட்சின் ஸ்குருவைக் கழற்றி, சுவிட்சை ஒரு விரல் அளவு வெளியே இழுத்து, அதன் பின்னே எத்தனை ஒயர் வருகிறது என்று கவனிக்க வேண்டும். ஒரே ஒயர் வந்தால் அது மேலே விளக்கிய எர்த் வகை. அந்த ஒயரின் முனையைத் தூணின் சுரண்டிய வெற்றுத் தகட்டில் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு ஒயர் வரும் சுவிட்சில் இந்தச் சோதனை கூடாது. அவற்றுள் ஒன்று நேராக ஃபியூஸிலிருந்து வருவதாக இருந்தால் தொட்ட கணமே ஃபியூஸ் போய்விடும். ஒற்றை ஒயரைத் தொட்டவுடன் விளக்கு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் ஒயரும் விளக்கும் குற்றமற்றவை. பின்னர் ஒயரை மறுபடி சுவிட்சில் மாட்டி, சுவிட்சின் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே தனி ஒயரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். இப்போது எரிகிறது, ஸ்குரு போட்டால் எரியவில்லை என்றால் பழுது தூணில். இப்போதும் எரியவில்லை என்றால் மட்டுமே பழுது சுவிட்சில்.

இந்த வேலையில் பலரும் ஒருமுறையாவது பட்டுத் தெரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. சுவிட்சிலிருந்து ஒயரைப் பிடுங்கிய மறுகணம் அது நழுவித் தூணுக்குள் விழுந்துவிடும். பிறகு உள்ளே இருக்கும் அட்டையைக் கழற்றி, கொக்கி வளைத்து, அரைநாள் தேட வேண்டிவரும். விழுந்த ஒயரின் வெற்றுமுனை உள்தகட்டில் பட்டுவிட்டால் விளக்கு அணையவும் அணையாது. ஆகவே ஒயரைக் கழற்றும் முன்பே, பூக்கட்டும் நாரோ நூலோ எடுத்து அதன் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிடுவது சிறந்த முறை. லூக்காஸ் நிறமுறை மாறாத கார்களில், எந்நேரமும் மின்னோட்டம் நிற்கும் ஃபியூஸ் வழி ஒயர் ஊதா நிறத்திலும், பல்பிலிருந்து கதவுச் சுவிட்சுக்கு வரும் ஒயர் ஊதாவில் வெள்ளைக் கோட்டோடும் இருக்கும். நாற்பது ஆண்டு அழுக்கில் இரண்டும் ஒரே பழுப்பாகத் தெரியலாம். ஈரத்துணியால் ஓர் அங்குலம் துடைத்துப் பார்த்தால் கோடு தென்படும்.

கழற்றிய சுவிட்சைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன் சுத்தம் செய்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். காய்ந்த கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரைத்து, குமிழைப் பலமுறை அழுத்தி விட்டு, தொடுமுனையை மிக நைசான உப்புத்தாளால் ஒருமுறை வருடினால் போதும். அழுத்தித் தேய்த்தால் பித்தளையின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும். குத்துவிளக்கைத் துலக்கும் புளி இந்தப் பித்தளையையும் துலக்கும். ஆனால் புளியின் அமிலம் மிஞ்சினால் சில வாரங்களில் பச்சைக் களிம்பு பூக்கும் என்பதால், நல்ல நீரில் கழுவி வெயிலில் உலர்த்தாமல் மாட்டக்கூடாது. ஸ்பிரிங் துருவேறி உடைந்திருந்தாலோ குமிழ் தேய்ந்து குட்டையாகியிருந்தாலோதான் சுவிட்ச் சுத்தத்தால் தேறாது. தூணிலும் முழுவட்டமாகப் பெயிண்டைச் சுரண்ட வேண்டியதில்லை. சுவிட்சின் கழுத்து மறைக்கும் அளவுக்குள், ஒரு பைசா அகலத்துக்குத் தகடு வெளுத்துத் தெரிந்தால் போதும். ஸ்குருவை இறுக்கிய பிறகு மேலே சிறிது வாசலின் தடவிவிட்டால், சுரண்டிய இடத்தில் மறுபடி துரு ஏறாது.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில், சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் அதே வகைச் சுவிட்ச் கிடைக்குமானால் அதுவே நல்லது. இல்லையெனில் பிற்காலக் கார்களின் சுவிட்சைப் போடுவதில் குற்றம் இல்லை, மூன்று அளவுகள் மட்டும் பொருந்த வேண்டும்: தூணின் துளை அகலம், சுவிட்சின் உடல் தூணுக்குள் செல்லும் ஆழம், கதவு சாத்தியபின் தூணுக்கும் கதவுக்கும் இடையில் எஞ்சும் இடைவெளி. மூன்றாவதை அளக்க, பரோட்டா மாவில் ஓர் உருண்டையைத் துளைக்கு மேல் ஒட்டிக் கதவைச் சாத்தித் திறந்தால், நசுங்கிய மாவின் தடிமனே அந்த இடைவெளி. குமிழின் வெளிநீட்டம் அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். மிகக் கூடினால் சுவிட்ச் ஒரே மாதத்தில் நொறுங்கும், குறைந்தால் விளக்கு அணையாது. துளை சிறிதாக இருக்கிறது என்று ட்ரில் போட்டுப் பெரிதாக்குவது கடைசியில் செய்ய வேண்டிய காரியம், ஏனெனில் பெரிதாக்கிய துளையைப் பிறகு சிறிதாக்க முடியாது.

எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் வராது என்ற எண்ணமும் திருத்தத்துக்குரியது. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே எரிவதால் துருப்பிடித்த எர்த்தின் வழியாகவும் எரிந்து, பழுதை மறைத்துவிடும். ஈரம் ஏறிய சுவிட்சின் வழியாகக் கசியும் அற்ப மின்னோட்டத்தில், கதவு சாத்திய பிறகும் மின்மினி போல மினுக்கிக்கொண்டே இருக்கும். எல்.இ.டி.யில் முனைச் சிக்கலும் உண்டு. 1960களின் நடுப்பகுதிவரை பிரிட்டனில் தயாரான பல கார்களில், இன்றைய வழக்கத்துக்கு மாறாகப் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இழை பல்புக்கு இரண்டும் ஒன்றே, எல்.இ.டி.க்கோ முனை மாறினால் வெளிச்சமே இல்லை. அத்தகைய கார் கைக்கு வந்தால் பேட்டரியின் எந்த முனை உடலுக்குச் செல்கிறது என்று பார்த்த பிறகே விளக்கை வாங்க வேண்டும்.

உரிமையாளர்களின் கவனத்துக்கு இன்னொன்றும் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதற்கும் உள்ளாகாமல் முதல் வடிவிலேயே பேணப்படும் வாகனங்கள் தொன்மை வாகனங்களாக, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 1970களின் முற்பகுதியில் பதிவான அம்பாசிடர்கள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. கதவுச் சுவிட்ச் ஒன்றை மாற்றியதற்காக யாரும் பதிவை மறுக்கப்போவதில்லை. சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவையே அங்கே பெரிய கேள்விகள். ஆயினும் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டி ஒட்டிய ஒயரிங் கொண்ட காரில், அடுத்து வேலை பார்க்க வரும் எலக்ட்ரீஷியன் எதை நம்பித் தொடங்குவார் என்பதே உரிமையாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஏற்கெனவே வெட்டப்பட்ட கார்களில், டேப் சுற்றிய முனை பெரும்பாலும் தூணுக்குள்ளேயே இருக்கும். அதை வெளியே எடுத்து ஒரு சாண் ஒயர் சேர்த்து, முறுக்கிவிடாமல் ஈயப்பற்று வைத்து நீட்டினால் பழைய சுற்று மீண்டும் உயிர் பெறும்.

வேலை முடிந்தபின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு பட்டறையார் நின்றுவிடுகிறார்கள். அணைகிறதா என்று பார்ப்பதுதான் கடினம், ஏனெனில் வெளியே நிற்பவர் கதவைச் சாத்தியபின் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது. பொழுது சாய்ந்தபின் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, மற்றவை சாத்தியிருக்க ஒவ்வொரு கதவையும் தனித்தனியே திறந்து சாத்திப் பார்க்க வேண்டும்; ஆள் இல்லையென்றால் கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டுச் சீட்டின் மேல் விளக்கைப் பார்த்தபடி வைத்து, நான்கு கதவையும் சாத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்து, பதிவான படத்தை ஓட்டிப் பார்த்தால் போதும்.

இங்ஙனம்,
பழைய ஒயரிங்கின் நலம் நாடும் ஒருவர்